பெங்களூரில் ஒற்றை ஆளுக்கு ஒரு மாடி அறை: பீன்யா, மல்லேஸ்வரம், ஜோகுபாளையம்

நாற்பத்து மூன்று வயதில் மறுபடியும் மாணவியாகப் போகிறேன். பெங்களூரில் ஒரு கல்லூரியில் கணிதத்தில் ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்தது. நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் விடுப்பும் கிடைத்தது. விடுதி மட்டும் கிடைக்கவில்லை, முப்பது வயதுக்கு மேல் அங்கே சேர்ப்பதில்லையாம். சேருகிறேனா இல்லையா என்று திங்கள்கிழமைக்குள் பதில் எழுதியாக வேண்டும். அதனால் ஜூலை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, குடியிருக்க ஓர் ஏரியா பார்க்கலாம் என்று வாணியம்பாடியிலிருந்து ரயில் ஏறினேன்.

தலைமையாசிரியையைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. இடம் அமையாவிட்டால் சத்தமில்லாமல் விட்டுவிடலாம், யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று ஒரு கணக்கு. உண்மையில் சொல்வதற்கு ஆளும் இல்லை. அம்மா போய்ப் பத்து மாதம் ஆகிறது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, அதில் வருத்தமும் இல்லை. ஆனால் அம்மா போன பிறகு அந்த வீட்டில் சாயங்காலம் ஐந்து மணியைத் தாண்டுவது பெரிய பாடாக இருக்கிறது. படிப்புக்கு விண்ணப்பம் போட்டதே அதற்காகத்தான்.

காலை 6.20க்கு ரயில். முன்பதிவில்லாப் பெட்டியில் எண்பது ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஜோலார்பேட்டையில் கூட்டம் அள்ளிக்கொண்டு ஏறும், அதற்கு முன்பே உட்கார்ந்துவிடுவதுதான் வாணியம்பாடிக்காரர்களுக்கு உள்ள ஒரே சலுகை. 9.05க்குப் பெங்களூர் கண்டோன்மென்ட் நிலையம். இறங்கியதும் குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது, சால்வை எடுத்துவராத என்னை நானே திட்டிக்கொண்டேன்.

எம்.ஜி. ரோடு மெட்ரோவுக்கு ஆட்டோ, எண்பது ரூபாய். என் கன்னடத்தை அரை நிமிடம் பொறுத்துக்கொண்ட ஓட்டுநர், "தமிழ்லயே பேசுங்க மேடம், எதுக்கு கஷ்டப்படறீங்க" என்றார். வீடு தேடி வந்திருக்கிறேன் என்றதும் ஒரு சிக்னலில் நின்று நம்பர் கொடுத்தார். "ஜோகுபாளையத்துல எங்க சித்தி பொண்ணு இருக்குது, செல்வின்னு. அது வீட்டு மாடில ஒரு ரூம் இருக்குது. மதியமா போன் போட்டுக் கேளுங்க." குறித்துக்கொண்டேன், ஆனால் பெரிதாக நம்பவில்லை. என் பட்டியலில் இருந்தவை பீன்யாவும் மல்லேஸ்வரமும்தான்.

முதலில் பீன்யா. மெஜஸ்டிக்கில் பச்சைத் தடத்துக்கு மாறி, மொத்தம் ஐம்பது நிமிடம். தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்கள் பணம் கட்டித் தங்கும் பி.ஜி. ஒன்றை இணையத்தில் பார்த்து வைத்திருந்தேன். ஓர் அறைக்கு மூன்று கட்டில், சாப்பாட்டோடு மாதம் ஏழாயிரம். நான் போனபோது பதினொரு மணி. இரவு ஷிஃப்ட் முடிந்த பெண்கள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்கள். காலி கட்டிலில் ஓசைப்படாமல் உட்கார்ந்து பார்த்தேன். பக்கத்துக் கட்டில் பெண் கண்ணைத் திறந்து, "யாரப் பாக்க வந்தீங்கம்மா? எந்தப் பொண்ணோட அம்மா?" என்று கேட்டாள். தருமபுரிப் பேச்சு. யாருடைய அம்மாவும் இல்லை, கட்டில் எனக்குத்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன், நீ தூங்கு" என்றேன். அந்த இடத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சுத்தமாக இருந்தது, தண்ணீர் இருந்தது, வாசலில் காவலுக்கு ஆள் இருந்தார். இருபது வயதுக்காரராக இருந்தால் யோசிக்காமல் போங்கள்.

அடுத்து மல்லேஸ்வரம். கல்லூரிக்கு இங்கிருந்து இரண்டு கிலோமீட்டர், நடந்தே போகலாம். மரங்கள், கோயில்கள், காய்கறிச் சந்தை, தெருமுனையில் காப்பி. இறங்கிய ஐந்தாவது நிமிடமே இங்கேதான் இருக்கப்போகிறோம் என்று மனசு முடிவு கட்டிவிட்டது. அது தப்பு. வீடு பார்க்கப் போகும்போது மனசை ரயில் நிலையத்திலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும்.

மூன்று வீடு பார்த்தேன். முதல் வீட்டில் கேட்டைக்கூடத் திறக்கவில்லை, "ஒன்லி ஃபேமிலி" என்றார்கள். இரண்டாவது வீட்டில் அட்வான்ஸே பத்து மாத வாடகை. மூன்றாவது தமிழ்க் குடும்பம். கணவன் மனைவி இருவரும் ஓய்வு பெற்றவர்கள், பின்பக்கம் தனி வாசலோடு ஓர் அறை. காப்பி கொடுத்தார்கள், அருமையான காப்பி. கணக்கு டீச்சர் என்றதும் அந்த அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அப்புறம் அந்தக் கேள்வி வந்தது.

"உங்க வீட்டுக்காரர் எப்ப வருவார்?"

வீட்டுக்காரரைத் தேடி நான் வந்திருக்கிறேன், அவர்கள் என் வீட்டுக்காரரைத் தேடுகிறார்கள். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டு, "நான் மட்டுந்தாங்க" என்றேன். அந்த அம்மா கணவரைப் பார்த்தார். கணவர் காப்பி டம்ளரைப் பார்த்தார். "தப்பா எடுத்துக்காதீங்கோ. ஃபேமிலின்னா எங்களுக்கு ஒரு தைரியம்" என்றார் அவர். தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். தெருவுக்கு வந்ததும் தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

மணி இரண்டரை. ஒரு மரத்தடியில் நின்று ஜோகுபாளையத்து நம்பருக்குப் போன் போட்டேன். ஆட்டோக்காரர் பெயரைச் சொல்லி, மாடி அறையைப் பற்றிக் கேட்டேன்.

"ஆ, அண்ணன் சொல்லிச்சு. ரூம் காலி ஆயிடிச்சு" என்றார் செல்வி.

"ஓ. சரிங்க, பரவாயில்லங்க" என்று வைத்துவிட்டேன்.

அவ்வளவுதான். நின்றுகொண்டே சாப்பிடும் ஓட்டல் ஒன்றில் இட்லி வாங்கினேன், ஐம்பது ரூபாய். பக்கத்தில் கல்லூரிப் பிள்ளைகள் ஒரே தட்டில் மசால் தோசையைப் பிய்த்துச் சண்டை போட்டார்கள். நான் பாதி இட்லியைத் தட்டிலேயே விட்டுவிட்டேன். இவ்வளவு பெரிய ஊரில் எனக்கு ஒரு பத்துக்குப் பத்து அறை இல்லை. அதைவிட மோசம், திரும்பிப் போனால் ஏன் வந்துவிட்டாய் என்று கேட்கவும் ஆளில்லை. திங்கள்கிழமை எழுத வேண்டிய மறுப்புக் கடிதத்தின் முதல் வரியை அங்கேயே மனசுக்குள் எழுதிவிட்டேன். கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, ஊருக்கே போய்விடலாம் என்று மெட்ரோ ஏறினேன்.

நாலரை மணிக்கு, எம்.ஜி. ரோடு நிலையத்தில் இறங்கும்போது போன் அடித்தது. செல்வி.

"எங்க இருக்கீங்க? வருவீங்கன்னு பாத்தா ஆளையே காணோம்."

"நீங்கதான் ரூம் காலி ஆயிடுச்சுன்னு சொன்னீங்களே."

"ஆமா, காலி ஆயிடிச்சு. மேல இருந்தவங்க காலைல சாமான் எடுத்துனு போயிட்டாங்க. கழுவி வுட்டு ஒக்காந்துனு இருக்கேன் நானு."

எங்கள் ஊர்க் கடையில் தோசை காலி என்றால் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். வீடு காலி என்றால் கிடைக்கும் என்று அர்த்தம். இது எனக்குத் தெரியாதா என்ன? இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு, கேள்வியை முழுசாகப் படித்துவிட்டு விடை எழுது என்று சொல்லிக்கொடுக்கிறவள் நான். காலையிலிருந்து இல்லை, இல்லை என்று கேட்டுக் கேட்டு, இருக்கிறது என்று சொன்னதும் இல்லையாகவே காதில் விழுந்திருக்கிறது. நேர்மையாகச் சொன்னால் காலையிலிருந்து அல்ல, பத்து மாதமாக.

அங்கிருந்து ஹலசூரு மெட்ரோ இரண்டாவது நிறுத்தம், அப்புறம் பதினைந்து நிமிட நடை. ஜோகுபாளையம் நெருக்கமான தெருக்கள். வண்டிகள், குடங்கள், ஒரு வாக்கியத்தைத் தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிக்கும் பேச்சு. செல்விக்கு என் வயதுதான் இருக்கும். ஓர் அலுவலகத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை, கணவர் பெயின்டர். வாசலுக்கு மேலே புத்தர் படம். இரும்புப் படி ஏறினால் ஓர் அறை, சமைக்க ஒரு மூலை, தனிக் கழிப்பறை. ஒரே ஒரு ஜன்னல், அதுவும் எதிர் வீட்டுச் சுவரைப் பார்த்து. தரை இன்னும் ஈரமாக இருந்தது.

"ஒண்டியாவா இருப்பீங்க?" என்று கேட்டார்.

வந்துவிட்டது கேள்வி என்று நினைத்துக்கொண்டேன். "ஆமாங்க" என்றேன்.

"அப்ப நல்லதாப் போச்சு. தண்ணி பத்தும்."

ஒருநாள் விட்டு ஒருநாள்தான் குழாயில் தண்ணீராம். முன்பு இருந்தவர்கள் ஐந்து பேர், தினமும் சண்டையாம். நான் ஒற்றை ஆளாக இருப்பது ஒருவருக்கு வசதியாக இருக்கும் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. வாடகை ஒன்பதாயிரம், அட்வான்ஸ் ஐந்து மாதம். ஐயாயிரம் கொடுத்து உறுதி செய்துகொண்டேன்.

வீடு தேடப் போகிறவர்களுக்கு: முதலில் தண்ணீரைக் கேளுங்கள், பிறகு வாடகையை. இங்கே வாடகைக்குப் பதினோரு மாத ஒப்பந்தம், அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். லீஸ் என்று பலகையில் இருந்தால் அது மாத வாடகை அல்ல, மொத்தப் பணம் கட்டி இருப்பது. கல்லூரிக்குப் பக்கம் என்பதற்காக மட்டும் ஓர் ஏரியாவைப் பிடிக்காதீர்கள். இங்கிருந்து எனக்கு மெட்ரோவும் நடையுமாக ஒரு மணி நேரம் ஆகும், நாற்பது ரூபாய் டிக்கெட், பரவாயில்லை. போனில் கேட்டதை நம்பி எந்த வீட்டையும் விட்டுவிடாதீர்கள், நேரில் போய்ப் பாருங்கள். தனி ஆள் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள், காப்பி வருவதற்கு முன்பே.

கிளம்பும்போது செல்வி, "ஊருக்குப் போனதும் ஒரு போன் போட்டு சொல்லுங்க" என்றார். எல்லோரும் எல்லோரிடமும் சொல்வதுதான். வாணியம்பாடியில் 8.50க்கு இறங்கினேன். பிளாட்பாரத்திலேயே நின்று போன் போட்டு, "வந்து சேந்துட்டேங்க" என்றேன். பத்து மாதமாக அந்தச் சொல்லை நான் யாரிடமும் சொல்லவில்லை.

"சரி சரி. மோட்டார் ஓடுது, வெச்சிடறேன்" என்றார்.

வைத்துவிட்டார். நான் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, ரயில் கிளம்பிப் போகும்வரை அழுதேன்.