அடி வைத்தால் முனகும் வால்வு

மெர்டேக்காவுக்கு, அதாவது மலாய் நாட்டுச் சுதந்திரத்துக்கு, அடுத்த வருஷம். காஜா பெராங்கில் சின்னக் கடை வைத்து ரேடியோ பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். ஆட்களிடம் பேச எனக்குக் கூச்சம்.

தமிழ் வம்சாவளியினர் குடியிருந்த பக்கத்துச் செட்டிக் கம்பத்திலிருந்து ஒருவன் தன் கித்தார் ஆம்ப்ளிபயரைத் தூக்கி வந்தான். கல்யாண வீடுகளில் வாசிப்பவன். இறந்துபோன அப்பாவுக்கு அந்த வாரம்தான் பார்ச்சு படைத்திருந்தார்கள். அவருக்குப் பிடித்ததை இலையில் பரிமாறி, அறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வாசலில் காத்திருப்பது அவர்கள் வீட்டு வழக்கம். மூலையிலிருந்த இந்த ஆம்ப்ளிபயர் பெட்டியை அணைக்க இவன் மறந்துவிட்டான். ஆளில்லாத அறையில் அது ஏழெட்டு முறை விட்டுவிட்டு முனகியிருக்கிறது.

“நான் வாசிக்கிறது அப்பாவுக்குப் பிடிக்காது. அவருதான் திட்டுறாருன்னு அம்மா சொல்றாங்க. கோளாறுன்னு நீங்க காட்டலேன்னா பெட்டி, கித்தார் ரெண்டையும் வித்துருவாங்க, அண்ணே.”

அந்தக் கம்பத்தார் எல்லோரையும்போல் அவன் பேசியது மலாய். எனக்குத் தமிழாகத்தான் நினைவில் நிற்கிறது.

கண்டென்சர் போயிருந்தால் விடாமல் இரையும். இது என் கடையில் இரண்டு நாள் ஓடியும் வாயே திறக்கவில்லை. கடைசியில் அவன் வீட்டுக்கே கொண்டுபோய் அதே மூலையில் வைத்தேன்.

“மீட்டர்ல அப்பா தெரியிறாரா?” என்றான்.

“வாயை மூடுடா,” என்றபடி அவன் அம்மா காப்பியோடு வந்தார்.

பெட்டி முனகியது. அவர் நின்றார், அதுவும் நின்றது. மறுபடி அடி வைத்தார், முனகியது. என் கடையில் சிமெண்டுத் தரை. இங்கே பலகை. பெட்டிக்குள் இருந்த கண்ணாடி வால்வுகளைப் பென்சிலால் ஒவ்வொன்றாகத் தட்டினேன். மூன்றாவது வால்வு, தொண்டையிலிருந்து வருவதுபோல் குரல் கொடுத்தது. உள்ளே கம்பி தளர்ந்திருந்தது. வேறு வால்வு போட்டு அவரை நடக்கச் சொன்னேன். சத்தமில்லை.

“கோளாறுதான். தரையில யாராச்சும் நடந்தா முனகும். அவ்வளவுதான்,” என்றேன்.

அவர் இலை போட்டிருந்த இடத்தையே பார்த்தார்.

“அன்னைக்கு நாங்க எல்லாருமே வாசல்ல நின்னோம், தம்பி.”

லாரி போயிருக்கும் என்று சொல்லலாம். அந்தச் சந்தில் லாரி நுழையாது. கழற்றிய வால்வைப் பையில் போட்டேன்.

“அப்ப திட்டல,” என்றார், மகனிடம். அவர் முகம் தெளிந்திருந்தது. “நடந்து வந்து சாப்பிட்டிருக்காரு. நீ வாசி.”

அவன் கித்தாரை எடுத்தான். நான் பையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டேன். இலை போட்ட இடத்திலிருந்து கதவுக்கு என் நடையில் எட்டு அடி. திரும்பிப் பார்க்கவில்லை. இனி அங்கே யார் நடந்தாலும் அந்தப் பெட்டி சொல்லாது.