யானை எப்போது சாகும்?

சம்பளம் கொடுத்து வேலை வாங்குகிறவர்கள் கோபப்படலாம்; ஆசைக்கு வேலை செய்கிறவர்களிடம் வேலை வாங்குகிறவள் சிரித்துக்கொண்டேதான் இருக்க வேண்டும். சபை விருந்துக்கு வெங்காயம் உரிக்க ஆள் சேர்த்தவர்கள், தெருவில் கோலப் போட்டி நடத்தினவர்கள், உங்களுக்கெல்லாம் இது தெரியும். உங்களிடம் சொன்னால்தான் எனக்கும் ஆறும்.

சேனாதிபதி ஆனேன்

என் இளைய மகன் சாம், சின்ன வயதில் கம்ப்யூட்டரில் விளையாடிய ஒரு பழைய சண்டை விளையாட்டை மறக்கவே இல்லை. அதைச் செய்த வெளிநாட்டுக்காரர்கள் எப்போதோ மறந்துவிட்டார்கள். அதே மாதிரி, ஆனால் நம் ஊர் யானை, குதிரை, வேலெல்லாம் வைத்து, நாலு வருஷமாக இவனே ஒரு விளையாட்டைக் கட்டிக்கொண்டிருந்தான். விற்பதற்கில்லை, ரசிகர்கள் சும்மா விளையாடுவதற்கு. கம்ப்யூட்டருக்குள் எழுதுகிற வேலை அவனுடையது. வீரர்கள் அடிப்பதையும் விழுவதையும் அசைகிற மாதிரி வரைவது அவனைப் போன்ற ஆசைக்காரர்கள். ஒரே ஒரு வெட்டு விழுவதற்குப் பன்னிரண்டு படம் வரைய வேண்டும்.

இந்த நேரம் பார்த்து அவனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. சேருகிற நாளிலிருந்து வெளியில் இந்த மாதிரி எதையும் தொடக் கூடாது என்று கையெழுத்து வாங்கிவிட்டார்கள். ஆகவே, அவன் கிளம்புகிற திங்கட்கிழமைக்குள் முடிந்தால் உண்டு. முடியாவிட்டால் நாலு வருஷமும் தண்ணீரில். இருந்தது ஆறு வாரம். வரைகிறவர்களை இவன் விரட்டின விரட்டில் நாலு பேர் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் மூன்று பேர். பருத்திப்பட்டு வீட்டில் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது போனைக் கொண்டுவந்து மடியில் வைத்து, "இனிமே நீங்க பேசுங்கம்மா, எனக்கு வாய் சரியில்ல" என்றான். பத்தாவதோடு நின்றவளுக்கு இதெல்லாம் என்னடா தெரியும் என்றேன்.

"ஞாயிறு பள்ளி விழாவுல அறுபது பிள்ளைங்களுக்கு இறக்கை கட்டி மேடை ஏத்துறீங்க. இவங்க மூணே பேர்தாம்மா, இறக்கைகூட இல்ல."

ஒன்று விடாமல்

முதல் ஆள் திவ்யா, திருமுல்லைவாயில் பெண். பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறாள். கை சுத்தம். காலாள் வீரன் நடப்பது, நிற்பது, திரும்புவது எல்லாம் அழகாக வரைந்து வைத்திருந்தாள். வாளால் வெட்டுவது மட்டும் பாக்கி. எனக்கு நீளமாகத் தட்டத் தெரியாது. "காலாள் வீரன் வெட்டணும்மா, இன்னைக்கே" என்று அனுப்பினேன். "எல்லாத்தையுமா ஆன்ட்டி?" என்று கேட்டாள். பன்னிரண்டு படத்தையும்தானே கேட்கிறாள் என்று, "ஒன்று விடாமல்" என்று போட்டேன்.

சாயங்காலம் திறந்து பார்த்தால் வீரனைக் காணோம். நடந்தவனும் இல்லை, நின்றவனும் இல்லை. படங்களெல்லாம் ஒரே பொது இடத்தில் இருந்ததால், வீரனையே வெட்டச் சொன்னேன் என்று அவள் அழித்தது அவள் கம்ப்யூட்டரிலும் இல்லை, எங்கள் கம்ப்யூட்டரிலும் இல்லை. சாம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அத்தனையையும் அந்தப் பிள்ளை மறுபடி வரைய எட்டு நாள் ஆயிற்று. எனக்குக் கோபப்படவும் வழியில்லை, சொன்னது நான்தானே. இப்படி யோசிக்காமல் செய்யலாமாம்மா என்று மட்டும் மெதுவாகக் கேட்டேன்.

"எங்க கிளினிக்ல எடுக்கணும்னா வேரோட எடுத்துடுவோம் ஆன்ட்டி, பாதி விட்டா வீங்கும்."

மூன்று கால் குதிரை

இரண்டாவது ஆள் முரளி. கொரட்டூரில் ரயில் ஏறி ஆபீஸ் போகிறவர். குதிரை அவர் பொறுப்பு. வரைவது ரயிலில், அதுவும் உட்கார இடம் கிடைத்தால். கிடைக்காத அன்று, "இன்னைக்கு நின்னுட்டேன் ஆன்ட்டி" என்று செய்தி வரும், குதிரையும் நின்றுவிடும். காலை ஜெபத்தில் வியாதியஸ்தர்களுக்கும் பிரயாணம் போகிறவர்களுக்கும் பிறகு முரளிக்கு ஒரு ஜன்னலோரத்தையும் சேர்த்துக்கொண்டேன். ஆண்டவர் என்ன நினைத்தாரோ.

எனக்கு ஒரு பழக்கம். யார் என்ன செய்தி அனுப்பினாலும் 'ஆமென்' என்று போட்டுவிடுவேன். எங்கள் ஜெபக் குழுவில் அதை வணக்கம் மாதிரிதான் எடுத்துக்கொள்வார்கள். ஒருநாள் முரளி ஓடுகிற குதிரையை அனுப்பி, "பின்னங்கால் ஒண்ணு பாக்கி, நாளைக்குப் போடறேன்" என்றார். ஆமென் என்றேன். நாளைக்குப் போடட்டும் என்ற அர்த்தத்தில்தான். அது வரவே இல்லை. நாலு நாள் கழித்துச் சாம் விளையாடிப் பார்த்தபோது, ஒரு குதிரைப் படை முழுக்க மூன்று காலில் நொண்டிக்கொண்டு போருக்கு வருகிறது. போன் போட்டேன். மனிதர் பதறவே இல்லை. என் 'ஆமென்' புரியாமல் ஆபீசில் பக்கத்துச் சீட்டு ஜோசப்பிடம் விசாரித்தாராம்.

"'அப்படியே ஆகக்கடவது'ன்னு அர்த்தமாம் ஆன்ட்டி, அதான் அப்படியே விட்டுட்டேன்."

யாருக்கு இழுக்கிறது?

மூன்றாவது ஆள் பாபு. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இரும்பு கடைகிற லேத் மெஷின் ஓட்டுகிறவர், நாற்பது வயது இருக்கும். விரலாலேயே போனில் யானை வரைவார். தும்பிக்கையை வீசி நாலு பேரைத் தூக்கி எறிகிற அந்த யானையைப் பார்த்து, டாங்கி தொழிற்சாலையில் முப்பது வருஷம் வேலை பார்த்த என் வீட்டுக்காரரே பயந்தார். ஆனால் அடிபட்ட யானை கடைசியில் விழ வேண்டும். விழாவிட்டால் சண்டை முடியாது, விளையாட்டு அங்கேயே மாட்டிக்கொண்டு நிற்கும். அதை மட்டும் பாபு வரைந்து தரவில்லை. செவ்வாய் ஆகாது என்றார். வெள்ளி பிள்ளையாருக்கு விளக்குப் போடுகிற நாள் என்றார். சனிக்கிழமை கேட்டதற்கு, "சனிப்பொணம் தனியா போவாதும்மா" என்றார்.

கடைசி வாரம் ஆவடி மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டே அவரிடம் போனில் பேசினேன். என்னை அறியாமல் குரல் உயர்ந்துவிட்டது. "எத்தனை நாள்தான் தம்பி இழுத்துக்கிட்டே இருக்கும்? ஞாயித்துக்கிழமைக்குள்ள செத்தாகணும். திங்கக்கிழமை பையன் பெங்களூர் போறான், அதுக்கப்புறம் செத்து என்ன பிரயோஜனம்?" என்று சொல்லி வைத்துவிட்டுத் திரும்பினால், சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். கடைக்கார அம்மா தராசை இறக்கி வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டது.

"ஏம்மா, உசுரு ரொம்ப இஸ்துகினே கீதா? வாயில ரெண்டு சொட்டு பால் ஊத்து, நிம்மதியா பூடும்."

முழங்கால் படியிடாத யானை

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மற்றதெல்லாம் முடிந்துவிட்டது, முரளியின் குதிரைக்கும் கால் வந்துவிட்டது. யானை மட்டும் சாகவில்லை. சாம் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தான். அவன் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஆராதனை முடிந்து சாப்பிடாமலே வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் ஏறி அம்பத்தூர் போனேன்.

பாபு வாசலிலேயே தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "எட்டு நாள் அத்தயே பாத்துகினு வரைஞ்சேன்மா. காதுல எத்தினி மடிப்பு கீதுன்னு எனக்குத் தெரியும். சாவடிக்க கை வர மாட்டேங்குது" என்றார். ஆறு வாரத்தில் முதல் தடவையாகச் சொன்ன உண்மையான காரணம். இதை முதலிலேயே சொன்னால் என்னவாம்! நான் சொன்னேன்: "சாக வேணாம் தம்பி. களைச்சுப்போய் முட்டி போட்டு உக்காரட்டும். சண்டை முடிஞ்சா சரி."

அவர் முகம் தெளிந்தது. ஆனால் வரைந்தால் யானை நாற்காலியில் உட்காருகிற மாதிரி வருகிறது. மூன்று தரம் அழித்தார். மணி நாலு. அதற்கு மேல் எனக்குப் பொறுமை இல்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தினமும் ஜெபத்துக்கு இறங்குகிற மாதிரி அவர் வீட்டு நடுக்கூடத்தில் இறங்கிக் காட்டினேன். முதலில் ஒரு கை தரையில், பிறகு இடது முட்டி, ஒரு மூச்சு, பிறகு வலது முட்டி, கடைசியில் இடுப்பு. அறுபதைத் தாண்டின உடம்பு அப்படித்தான் இறங்கும், யானைக்கும் வேறு வழி இருக்க முடியாது. பாபுவின் மனைவி காப்பித் தம்ளரோடு அப்படியே நின்றுவிட்டது. என் வீட்டுக்காரர் வாசலுக்குப் போய் ஸ்கூட்டரைத் துடைக்க ஆரம்பித்தார். பாபு மட்டும் சிரிக்காமல், கண் எடுக்காமல் வரைந்தார்.

"இன்னொருக்கா எந்திரிச்சு உக்காரும்மா, பின்னாங்கால் சரியா புடிபடல."

திங்கட்கிழமை

ஆறு தடவை இறங்கி ஏறினேன். ஏழு மணிக்குப் படங்கள் சாமின் கைக்கு வந்தன; ஒன்பதுக்குள் சேர்த்து விளையாட்டை வெளியிட்டுவிட்டான். விடிந்ததும் ரயில் ஏறினான். போகும்போது என் நெற்றியில் முத்தம் கொடுத்தான்.

ஒரு வாரம் கழித்து போன் செய்தான். ஆயிரம் பேராவது இறக்கி விளையாடியிருப்பார்கள், பாராட்டி எழுதியிருப்பார்கள் என்று ஆசையோடு கேட்டேன். விளையாடுகிறார்கள் என்றான், ஒரே ஒரு ஆள்தான் எழுதியிருக்கிறாராம். படி என்றேன்.

"'சண்டை எல்லாம் சூப்பர், ஆனா யானை மட்டும் சாகாம, முட்டி வலி வந்த மாதிரி சாவகாசமா உக்காருது, இதை யார் செக் பண்ணாங்க?'ன்னு கேக்கறார்மா."

ஆகவே, சபையில் எழுந்து நின்று சொல்கிற மாதிரி, என் சாட்சி இதுதான்: போரைத் தொடங்குவதற்கு ராஜாக்கள் போதும், முடித்து வைப்பதற்குத்தான் யாராவது ஒருத்தி ராத்திரி முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.