சோலார் ஆலைக்காரர்

அலங்காநல்லூர்ப் பக்கம் அரிசி ஆலை வைத்திருந்த அவர், கூரையிலிருந்த சோலார் தகடுகளைத் தினமும் தன் தோள் துண்டால் துடைப்பார். அவர் வெள்ளைச் சட்டையில் பொட்டு அழுக்கு இருக்காது. எங்கள் தெருவில் ஏழெட்டு வீடுகளுக்கு அந்தக் கரண்ட்தான்.

ஊர் லைன் நின்றால், சோலார் கரண்ட் அந்தக் கம்பியில் ஏறாமல் துண்டிக்க ஒரு சுவிட்ச் உண்டு. அது அடிக்கடி ஆலையை நிறுத்துகிறதென்று அதைச் செயல்படாமல் செய்து வைத்திருந்தார்.

ஒரு நாள் சப்ளையை நிறுத்திவிட்டுத்தான் லைன்மேன் கம்பம் ஏறினார். சோலார் கரண்ட் அவரைத் தூக்கியெறிந்தது. உள்ளங்கை கருகிவிட்டது. அவரை ஆட்டோவில் ஏற்றிவிட்டு ஆலைக்கு ஓடினேன்.

"அண்ணே, லைன்மேன் கை வெந்துபோச்சு. உங்க கரண்டுதான்."

ஆலைக்காரர் துடைப்பதை நிறுத்தவில்லை. "நல்லவேளை மாப்ள, இன்வெர்ட்டருக்கு ஒண்ணும் ஆகல" என்றார்.

வீட்டுக்குத் திரும்பினேன். ஊரே கரண்ட் இல்லாமல் புழுங்கிக்கொண்டிருந்தது. என் வீட்டில் ஃபேன் அவர் தயவில் சுற்றியது. அதன் கீழே உட்கார்ந்துதான் அவரைத் திட்டினேன்.