ஆடியில் பார்த்த கடல்

பாளையங்கோட்டையில் கண் டாக்டர் சொன்னதை என் வீட்டுக்காரர் மூன்று நாள் கழித்துத்தான் என்னிடம் சொன்னார். அதுவும் குளித்துவிட்டு வந்து, நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டே, யாரோ ஒருத்தர் வீட்டு விஷயம் மாதிரி.

"புரை இல்லியாம். உள்ள நரம்பு வாடுதாம். அறுத்து எடுக்க அங்கன ஒண்ணும் கெடையாதுன்னுட்டாரு."

"அப்போ?"

"ரெண்டு வருசமோ மூணு வருசமோ. மெள்ள மெள்ளப் போயிருமாம்."

நான் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். கரைத்த புளியையே திரும்பத் திரும்பக் கரைத்துக்கொண்டிருந்தேன். அவர் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு தென்காசிக்குக் கிளம்பிவிட்டார்.

அவருக்கு அப்போது ஐம்பது வயது, எனக்கு நாற்பத்து நாலு. பிள்ளை குட்டி கிடையாது. குற்றாலத்தில் கோயிலை ஒட்டிய தெருவில் சொந்த வீடு. தென்காசியில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா வேலை. காலையில் மூன்று மைல் நடந்து போவார், சாயங்காலம் மூன்று மைல் நடந்து வருவார். மழை கொட்டினாலும் ஜட்காவில் ஏறமாட்டார். நடை என்றால் அந்த மனிதருக்கு அப்படி ஒரு பைத்தியம். கண் போனால் எழுத்து வேலை போகும். போனால் போகட்டும், கஞ்சிக்குப் பஞ்சமில்லை. ஆனால் இந்த மனிதரை ஒரு மூலையில் உட்கார்த்தி, போக வர ஒருத்தர் கையைப் பிடித்துக் கூட்டிப்போனால் அவர் என்ன ஆவார்? கையைப் பிடிக்க இருக்கிற ஒருத்தி நான். நான் முந்திப் போய்விட்டால்? அடுப்படியில், கிணற்றடியில், அருவிக்கரையில், எங்கே போனாலும் இந்த நினைப்பு கூடவே வந்தது.

ஒரு மாதம் போயிற்று. பிறகு ஒரு நாள் சாப்பாட்டு இலையை மடித்துவிட்டுச் சொன்னார். "ஏட்டி, கடக்கரையில சின்ன ஊரா ஒண்ணு பாத்துப் போயிருவோம்."

மனிதருக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று அவரைப் பார்த்தேன்.

"குத்தாலத்துல சீசன்ல எந்தப் பக்கம் காத வச்சாலும் தண்ணிச் சத்தம்தான். மலையே ஒழுகுது. படியெல்லாம் பாசி. கண்ணு தெரிஞ்சவனே சறுக்கி விழுதான். கடல் அப்பிடி இல்ல பாத்துக்கோ. ஒரே பக்கமாக் கெடக்கும், ராப்பகலாச் சத்தம் போடும். இடது காதுல கேட்டாப் போறேன்னு அர்த்தம். வலது காதுல கேட்டா வீட்டுக்குத் திரும்பி வாரேன்னு அர்த்தம். ஒருத்தர் தொணையில்லாம நடந்துக்கிடலாம்லா?"

"நல்லாருக்கு கத. கடல நம்பி வீட்ட மாத்துத ஆள இப்பத்தான் பாக்கேன்" என்றேன். ஆனால் அவர் சொன்னதில் ஞாயம் இருந்தது. அந்த ஞாயம்தான் எனக்குப் பயமாக இருந்தது.

அன்றிலிருந்து அவருக்கு அதே வேலை. ஊர் சிறியதாக இருக்கவேண்டும். தெரு நேராக இருக்கவேண்டும். கோயில், பலசரக்குக் கடை, தபாலாபீஸ், வைத்தியர் எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருக்கவேண்டும். வண்டி மாட்டுத் தொந்தரவு இருக்கக்கூடாது. கண் இருக்கும்போதே போய்த் தெருவைக் காலுக்குப் பழக்கிவிட்டால், பிறகு கண் இல்லாவிட்டாலும் கால் நடக்கும் என்றார். அதற்கு ரெண்டு வருஷம் போதும் என்று அவரே ஒரு கணக்கும் போட்டுக்கொண்டார்.

ஊர் பார்க்கப் போக எங்களுக்கு வாய்த்த காலம் ஒன்றே ஒன்றுதான். குற்றாலத்தில் வீடு உள்ளவர்கள் ஆனி பிறந்து சாரல் விழுந்ததும் வீட்டைச் சீசனுக்கு வருகிறவர்களுக்கு விட்டுவிட்டு, பின்கட்டில் ஒரு அறைக்குள் ஒடுங்கிக்கொள்வோம். முன்கட்டில் யாரோ ஒரு குடும்பம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, ஈரத்துணியைக் கண்ட இடத்தில் உலர்த்திக்கொண்டு கும்மாளம் போடும். சொந்த வீட்டில் நாம் பூனை மாதிரி நடக்கவேண்டும். கோர்ட்டிலும் வேலை குறைந்திருக்கும். அதனால் கல்யாணமோ கோயிலோ, குற்றாலத்துக்காரர்கள் வெளியூர் போவதென்றால் பெரும்பாலும் ஆடி மாதம்தான். எங்களுக்கும் அப்படியே வழக்கமாகிப் போயிருந்தது.

முதல் வருஷத்து ஆடியில் தூத்துக்குடிக்குப் போனோம். துறைமுகத்துக்குப் பஞ்சுப் பொதி ஏற்றிப்போகும் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. ஒரு தெருவைத் தாண்டுவதற்குள் ரெண்டு தடவை அவர் கையைப் பிடித்து இழுத்தேன். அங்கிருந்து குலசேகரப்பட்டினம். ஊர் சிறியதுதான், ஜனங்களும் தங்கமானவர்கள். ஆனால் தெருவெல்லாம் கணுக்கால் புதைகிற மணல். "மணல்ல கால் வச்சா அடியே எண்ண முடியல" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டார்.

மறு வருஷம் ஆடியில் கன்னியாகுமரி. ஊரில் இறங்கி நடுத்தெருவில் நின்று கண்ணை மூடினார். தலையை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார்.

"சவம், மூணு பக்கமும்லா கத்துது" என்றார்.

அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அந்த ரெண்டு வருஷத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

கடைசியாகத் திருச்செந்தூர். கோயிலுக்குத் தள்ளி, தெற்கு வடக்காக ஓடும் ஒரு தெரு. கெட்டித் தரை. ஒரு முனையில் பலசரக்குக் கடை, மறுமுனையில் ஒரு நாட்டு வைத்தியர் வீடு. நடுவில் விலைக்கு வந்திருந்த சின்ன ஓட்டு வீடு. அதற்கு எதிரே ஒரு சந்து. சந்தின் கோடியில் கடல். காற்று பேயாய் அடித்தது. அலைச் சத்தத்தில் ஒருத்தருக்கொருத்தர் உரக்கப் பேச வேண்டியிருந்தது.

அவர் வீட்டு வாசலில் நின்று கண்ணை மூடிக்கொண்டார். "நீ பின்னால வா. தொடாத. கூப்பிடாத" என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தார். தெற்கே கடை வரைக்கும் போனார். திரும்பினார். வைத்தியர் வீடு வரைக்கும் வந்தார். மறுபடி திரும்பி, இந்த வீட்டு வாசலில் வந்து நின்று கதவைத் தொட்டார். ஒரு கல் தடுக்கவில்லை. நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிக்கொண்டிருந்தேன். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். கல்யாணப் பந்தலில்கூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

"இந்த ஊர்தாம்ட்டி" என்றார்.

அப்புறம் என்ன சொல்ல? சரி என்றேன்.

ஊருக்குத் திரும்பியதும் வக்கீலிடம் வேலை வேண்டாமென்று சொல்லிவிட்டார். என்னிடம், எழுத்து கொஞ்சம் மங்கலாக இருக்கிறது, மற்றபடி ஒன்றுமில்லை என்றார். நான் தினமும் காலையில் கேட்பேன். "இன்னைக்கு எப்பிடி இருக்கு?"

"அப்பிடியேதான் இருக்கு."

ஒரு நாள் மனசு கேட்காமல், "நான் கட்டியிருக்கது என்ன கலர்னு சொல்லுங்க" என்றேன். எரிந்து விழுந்தார். "எனக்குப் பரீட்சையா வைக்கே? என்னைய என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளைன்னு நெனச்சியா?" துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று நடந்து, கோயில் மதிலைச் சுற்றி, காப்பி கிளப்பில் ரெண்டு பேரோடு பேசிவிட்டுத் திரும்பி வந்தார். அப்படி நடக்கிற மனிதரைப் பார்த்து என்ன சந்தேகப்பட? கேட்டது தப்பு என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

குற்றாலத்திலும் அவர் பல நாள் கண்ணை மூடிக்கொண்டுதான் நடந்தார். பழக்கம் பண்ணிக்கொள்கிறாராம். "இருக்கும்போதே எதுக்கு மூடுதீங்க? இருக்க மட்டும் நல்லாப் பாத்துக்கிட வேண்டியதுதான்?" என்று சத்தம் போடுவேன். அவர் சிரித்துக்கொண்டே போவார்.

எனக்கு மனசு அடித்துக்கொண்டேதான் இருந்தது. திருச்செந்தூரில் எங்களுக்கு ஒரு மனிதரைத் தெரியாது. உப்பு இல்லையென்றால் யார் வீட்டில் கேட்பேன்? எனக்குக் காய்ச்சல் வந்தால் இவருக்கு யார் கஞ்சி வைப்பார்கள்? வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று பத்து தடவையாவது வாய் வரைக்கும் வந்தது. அந்தத் தெருவில் அவர் கதவைத் தொட்டு நின்ற முகம் நினைவுக்கு வரும், வாயை மூடிக்கொள்வேன்.

வருஷா வருஷம் சீசனுக்கு எங்கள் வீட்டில் தங்கும் மதுரைக்காரர் ஒருவர் வீட்டை வாங்கிக்கொண்டார். பங்குனிக் கடைசியில் பத்திரம் பதிந்தது. அந்தப் பணத்தைத் திருச்செந்தூர் வீட்டுக்கு விலையாக அனுப்பினோம். சித்திரை பிறந்து எட்டாம் நாள், தென்காசியில் ரயிலேறி, திருநெல்வேலியில் மாறி, திருச்செந்தூரில் இறங்கினோம். பால் காய்ச்ச முற்பகலில் நல்ல நேரம் பார்த்திருந்தது. சாமான் வண்டி முன்னால் போக, நாங்கள் பின்னால் நடந்தோம். போன ஆடியில் வந்தபோது போலவே, வழி நெடுக அவர் என் தோளில் கை வைத்திருந்தார். கூட்டத்தில் நான் தவறிப்போகக்கூடாதாம். எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தெருவுக்குள் நுழைந்ததும் எனக்கு என்னமோ குறைந்த மாதிரி இருந்தது. இரண்டு பேரும் சாதாரணமாகப் பேசிக்கொண்டு வந்தோம். உரக்கப் பேசவில்லை. அப்போதுதான் உறைத்தது. சத்தமே இல்லை. காற்றில்லை, அலையில்லை. எங்கேயோ ஒரு சேவல் கூவியது, அது தெளிவாகக் கேட்டது.

சாவி கொண்டுவந்து கொடுத்த பக்கத்து வீட்டு அம்மாளிடம், "ஆச்சி, என்ன இது, கடல் சத்தத்தயே காணோம்?" என்றேன்.

"சித்திரையில அது பெட்டிப்பாம்பால்லா கெடக்கும். ஆடிக் காத்துலதான் ஆட்டமெல்லாம். நீங்க எப்ப வந்து பாத்தீய?"

ஆடியில்தான் வந்து பார்த்தோம். ரெண்டு வருஷமும் கடலை ஆடியில்தான் பார்த்தோம். எனக்கு அந்த இடத்திலேயே தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. சீசனில் வந்து அருவியைப் பார்த்து மயங்கி, இடம் வாங்கிப் போட்டுவிட்டு, சித்திரையில் குடும்பத்தோடு வந்து காய்ந்த பாறையைப் பார்த்து முழிக்கிற பட்டணத்துக்காரர்களை நாங்கள் எத்தனை தடவை கேலி பண்ணியிருக்கிறோம்! தண்ணீருக்குக் காலம் உண்டு என்று தெரியாத அசடுகள் என்று இவர்தான் அதிகம் சிரிப்பார். அருவிக்கரையில் பிறந்து வளர்ந்த ரெண்டு பேர் கடலுக்குக் காலம் உண்டா என்று ஒரு வாய் கேட்கவில்லை.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று திரும்பினேன். அவர் அதற்குள் என் தோளை விட்டுவிட்டு, வீட்டு வாசலுக்கு எதிரே அந்தச் சந்தின் வாயில் நின்றார். சந்து முழுக்க வெயில். கோடியில் கடல் கண் கூசும்படி மின்னிக்கொண்டு கிடந்தது. அவர் முகம் நேராக அதைப் பார்த்திருந்தது. கண்ணை மூடவில்லை. ரெண்டு கண்ணும் நன்றாகத் திறந்திருந்தன.

பிறகு தலையை மெதுவாக இடது பக்கம் சாய்த்தார். வலது பக்கம் சாய்த்தார்.

"ஏட்டி," என்றார், "கடல் எந்தப் பக்கம் இருக்கு?"

கிட்டே போய் நின்றேன்.

"நீங்க அதப் பாத்துக்கிட்டுத்தான் நிக்கீங்க."

அவர் கை என் தோளைத் தேடியது. நான்தான் அதைப் பிடித்து வைத்தேன்.

"எத்தன நாளா?"

"போன ஆடிக்கு முன்னாலயே, ஆனிக் கடைசியில போயிட்டு."

"அப்போ இங்கன வந்து கண்ண மூடிக்கிட்டு நடந்தது?"

"தொறந்துக்கிட்டு நடந்தா நீ கண்டுபிடிச்சிருவேல்லா."

"அடப் பாவி மனுஷா! குத்தாலத்துல தெனமும் நடந்தீங்களே, காப்பி கிளப்புக்குப் போனீங்களே, ஒரு நாளு ஒரு கல்லு தட்டலியே!"

"அங்கன எனக்குக் கண்ணு எதுக்குட்டீ? நடக்கப் படிச்சதே அந்தத் தெருவுலதான்."

"பொறவு எதுக்கு என்னைய இங்கன இழுத்துக்கிட்டு வந்தீங்க?"

"அங்கன எல்லாவனும் என்னையத் தெரிஞ்சவன். ஒரு நாளு விழுந்தேன்னு வையி, தெருவே ஓடி வந்து தூக்கும். ஐயோ பாவம்பான். அத என்னால தாங்க முடியாது. இங்கன யாருக்கும் தெரியாது. கடல் மட்டும் சத்தம் போட்டா, எவனுக்கும் தெரியாம நடந்துருவேன்னு நெனச்சேன்."

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. விழுந்தால் ஊரே ஓடிவருகிற ஊரை விற்றுவிட்டு, ஓடிவர நான் ஒருத்தி மட்டும் இருக்கிற தெருவில் வந்து நிற்கிறோம். கண் போய் முக்கால் வருஷம், கூடப் படுத்து எழுந்த பெண்டாட்டிக்கே தெரியாதபடி அவர் நடந்த வீட்டில், அந்நேரம் வேறு யாரோ அடுப்புப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். வண்டிக்காரர் சாமானை இறக்கட்டுமா என்று கேட்டார். நல்ல நேரம் போகிறது என்று ஆச்சி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். இறக்குங்கள் என்று சொல்லிவிட்டு, அவரைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், பாலைக் காய்ச்சினேன்.

ஆடி வந்தது. காற்றும் வந்தது. அவர் சொன்ன அந்தச் சத்தம் ராப்பகலாகக் கேட்டது. "இப்ப விடுட்டி, நடந்து காட்டுதேன்" என்று வாசற்படியில் நின்று கெஞ்சுவார். மறுபடியும் ஒரு சித்திரை வருமே, பாதித் தெருவில் சத்தம் நின்றுபோனால் இவர் எந்தப் பக்கம் திரும்புவார் என்றுதான் எனக்குத் தோன்றும். நாளைக்கு என்பேன். அந்த ஊரில் ஒன்பது வருஷம் இருந்தோம். ஒரு நாள்கூட நான் அவரைத் தனியாக நடக்க விடவில்லை.