அண்ணனுக்கு வாங்கிய மாலை

எங்கள் ஊரில் பூசை மணிக்கும் சாவு மணிக்கும் உள்ள வித்தியாசம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பூசை மணி விடாமல் ஓடும். சாவு மணி ஒரு அடி அடித்து, ஓசை அடங்கும்வரை காத்திருந்து, அப்புறம்தான் அடுத்த அடி. கரும்புக் கொல்லையில் நிற்பவர்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார்கள். மணி ஓய்ந்ததும் கோயில்பிள்ளை மைக்கைத் தட்டி, தொண்டையைச் செருமி, இன்ன தெரு இன்னார் இறந்துவிட்டார் என்று சொல்வார். மணி அடிப்பதிலிருந்து மெழுகுவத்தி ஏற்றுவது வரை கோயில் வேலை எல்லாம் அவர் பொறுப்பு.

முன்னாள் பிரதமர் ஒருவர் இறந்த அன்று காலை மணி அடித்தது. மைக் பேசவில்லை. கரண்ட் இல்லை.

மைக் பேசாததால் ஊர் தானாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. அப்போது ஊரில் சாகக் கிடந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் என் அப்பா.

அப்பா சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இதயம் பலவீனமாகிவிட்டது, இனி வீட்டில் வைத்து நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கள்ளக்குறிச்சியில் வேலையில் இருந்த நான் லீவு போட்டுவிட்டு வந்து கூடவே இருந்தேன். மருந்து, கஞ்சி, ஜெபம் எல்லாம் நேரத்துக்கு நடந்தது. நடக்காதது ஒன்றுதான். அடுத்த தெருவில் இருந்த சித்தப்பா வந்து பார்க்கவில்லை.

வராததற்குக் காரணம் எங்கள் கூடத்துச் சுவரில் தொங்கியது. இயேசுவின் திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில், அதே அளவு சட்டத்தில், அந்த முன்னாள் பிரதமரின் படம்.

அவர் பதவியில் இருந்த காலத்தில் ஒரு வருஷம் மழை பொய்த்துக் கரும்பு கொல்லையிலேயே காய்ந்தது. சித்தப்பா விவசாயிகளோடு ரயில் ஏறி டில்லிக்குப் போனார். பதாகை பிடித்துக்கொண்டு குளிரில் நின்றார்கள். யாரும் வந்து என்ன ஏது என்று கேட்கவில்லை. காய்ச்சலோடு திரும்பி வந்தவர் நேராக அண்ணன் வீட்டுக்குத்தான் வந்தார். வந்து பார்த்தால் சுவரில் அந்தப் படம். அப்பா அந்த வாரம்தான் சங்கராபுரத்தில் சட்டம் போட்டு வாங்கி வந்து மாட்டியிருந்தார். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் நேரம் பார்த்துச் செய்திருந்தாலும் அவ்வளவு சரியாக அமைந்திருக்காது.

"அந்தப் படம் இந்த வூட்டுல இருக்கற வரைக்கும் நான் வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்றார் சித்தப்பா. அதோடு சரி. என் அம்மா இறந்தபோதுகூட தெருவிலேயே நின்று, பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். படி ஏறவில்லை. எனக்கு அவர் மேல் அப்போது வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அப்பா படுத்த பிறகு சித்தப்பா வீட்டிலிருந்து ஆட்டுக்கால் சூப் வரும். சின்னம்மா தூக்கில் கொண்டு வந்து, "அவருக்குத் தெரியாம கொண்டாந்தேன்" என்பார். தெரியாமலா? கச்சிராயபாளையம் கறிக்கடையில் அண்ணனுக்கென்று பார்த்துப் பார்த்துக் கால் வாங்குகிறவரே சித்தப்பாதான். கறிக்கடைக்காரரே என்னிடம் சொல்லியிருக்கிறார். சூப்பு வரும், மனுஷர் வரமாட்டார்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் அப்பாவிடம் கேட்டேன். "படத்தை எடுத்து பீரோவுக்குள்ள வெச்சிடட்டாப்பா? சித்தப்பா வந்துட்டுப் போனதும் திரும்ப மாட்டிக்கலாம்."

அப்பா என்னை ஏதோ திருட்டு வேலைக்குக் கூப்பிட்டதுபோலப் பார்த்தார். "படத்தக் கயட்டினா வர்றவன், அண்ணனுக்காகவா வர்றான்? படத்துக்காக வர்றான். அது இருக்கும்போதே வரணும் பாப்பா."

சித்தப்பாவிடமும் போனேன். கொல்லை வரப்பில் நின்றுகொண்டு, கல்வராயன் மலையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அவரு எங்கள ஒரு வார்த்த இன்னான்னு கேட்டாரா? நாதியத்து நின்னோம். எங்கண்ணனுக்குத் தம்பி பெருசா, அவரு பெருசா? அத மட்டும் கேட்டுச் சொல்லு."

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சலாக வந்தது. ஒருவர் பக்கம் தப்பு என்றால் சண்டை போட்டாவது முடித்துவிடலாம். அப்பா நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே போனார். வாசலில் டிவிஎஸ் வண்டிச் சத்தம் கேட்டால் தம்பியோ என்று தலையை மட்டும் தூக்கிப் பார்ப்பார்.

இந்த நிலையில்தான் அன்று காலை மணி அடித்தது.

நான் அப்பாவைத் தலையணையில் சாய்த்து உட்காரவைத்துக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். மணி ஓய்ந்ததும் "யாரு பாப்பா?" என்றார். மைக்குக்காகக் காத்திருந்தோம். மைக்குக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டு அத்தை வந்தார். அவிழ்த்துவிட்ட தலையோடு, மார்பில் அடித்துக்கொண்டு, "என்ன பெத்த மாமோய்" என்று வாசலிலேயே குரலெடுத்து உள்ளே வந்தவர், வாயில் கஞ்சியோடு உட்கார்ந்திருந்த மாமாவைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னாம்மா" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்ல மாமா, சும்மா பாக்க வந்தேன்" என்று கூந்தலை முடிந்துகொண்டார் அத்தை.

அவர் பின்னாலேயே தெரு வந்தது. ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கித் தலையில் தூக்கிவந்தார். அத்தையின் கணவர் ஐஸ் பெட்டிக்கு போன் போட்டுவிட்டே கிளம்பியிருக்கிறார். அப்பா உயிரோடு இருப்பதைக் கண்டு, மறுபடி போன் போட்டுப் பேசியபடியே வாசலில் திரும்பி, "வேணாம்பா, வேணாம், இன்னும் கொஞ்ச நாளாவும்போல கீது" என்று பெட்டிக்காரரிடம் சொன்னது உள்ளே எல்லோருக்கும் கேட்டது. அப்பா சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. எத்தனை மாதத்துக்கு அப்புறம் சிரிக்கிறார் என்று எனக்குக் கண்ணீரே வந்தது.

அப்போதுதான் கோயில்பிள்ளை மூச்சு வாங்க ஓடிவந்தார். "மன்னிச்சிக்கங்க. டவுன்லருந்து போன் வந்துச்சிங்க. நாட்டையே ஆண்டவரு பூட்டாரு. நம்ம ஊர்ல யாரு செத்தாலும் அடிக்கிறோம், அவருக்கு அடிக்கலன்னா நல்லாவா இருக்கும்? சாமியாரு மேல மலைக்குப் பூசைக்குப் போயிருக்காரு, கேக்கவும் ஆளில்ல. அடிச்சிட்டு மைக்கப் போட்டா கரண்டில்ல."

அப்பா சுவரைப் பார்த்தார். சிரித்த முகம் அப்படியே இறுகி, கண் நிறைந்து வழிந்தது. துடைக்கவில்லை. "அடிச்சது சரிதான்யா. அவருக்கு அடிக்காம வேற யாருக்கு அடிக்கப்போற?" என்றார்.

அப்பா அவரை நேரில் பார்த்ததில்லை. அவர் பேசிய மொழியும் அப்பாவுக்குத் தெரியாது. "ஏசறவன திருப்பி ஏசாத மனுஷன்" என்பார், அவ்வளவுதான். ஆலையில் மேலதிகாரி கத்தும்போதும், சித்தப்பா தெருவில் நின்று வைதபோதும் அப்பா வாயைத் திறக்காமல் இருந்ததற்கு அந்தப் படத்தில் இருந்தவர்தான் துணை என்று எனக்குத் தோன்றும். யாரோ தூரத்தில் இருக்கும் ஒரு மனிதரைப் பார்த்து இங்கே ஒரு ஃபிட்டர் பொறுமையைக் கற்றுக்கொள்ள முடியுமானால், அதைவிட ஒரு தலைவருக்கு வேறென்ன பெருமை வேண்டும்?

வந்தவர்கள் யாரும் போகவில்லை. நாற்காலி எப்படியும் வந்துவிட்டது. கொண்டுவந்த அழுகையைத் திருப்பி எடுத்துப்போக அத்தைக்கும் மனமில்லை. படத்தைப் பார்த்து மெல்ல ஒப்பாரியைத் தொடங்கினார். மாமாவுக்கென்று எடுத்த பாட்டு, இரண்டு வார்த்தை மாற்றினால் பிரதமருக்கும் பொருந்திற்று.

கொஞ்ச நேரத்தில் வாசலில் டிவிஎஸ் வண்டிச் சத்தம். வண்டியை ஸ்டாண்ட் போடாமல் அப்படியே சாய்த்துவிட்டு சித்தப்பா ஓடி வந்தார். லுங்கி முழங்காலுக்கு மேல், காலில் கொல்லைச் சேறு, செருப்பில்லை. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. கையில் ஆளுயர ரோசாமாலை. தெருவில் நாற்காலியும் கூட்டமும் ஒப்பாரியும் இருந்தால் யார்தான் சந்தேகப்படுவார்கள்? வாசப்படியை மிதித்து, கூடத்துக்குள் வந்து, "ண்ணா" என்று ஒரு குரல் எடுத்தார்.

"இன்னாடா" என்றார் அப்பா.

சித்தப்பா நின்றார். அண்ணனைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். தான் நிற்கும் இடத்தைப் பார்த்தார். யாராவது அப்போது சிரித்திருந்தால் மனுஷர் திரும்பிப் போயிருப்பார், செத்தாலும் வந்திருக்கமாட்டார். தெரு ஜனங்கள் மேல் எனக்கு ஆயிரம் குறை உண்டு. ஆனால் அன்று ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அதற்காகவே அவர்களை நான் கும்பிடுவேன்.

சித்தப்பா மெல்லச் சொன்னார். "தலைவரு பூட்டாராமே. மால போட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

சொன்னவர் நாற்காலி மேல் ஏறி, தான் அவ்வளவு காலம் வைத அந்தப் படத்துக்குத் தன் கையால் மாலை போட்டார். மாலை படத்தைவிடப் பெரிது. பாதி சுவரில் தொங்கியது.

அப்பா அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "தலைவருக்காகச் செருப்புகூடப் போடாம ஓடியாந்துட்டான் பாரு என் தம்பி" என்றார்.

"கம்முனு கெட" என்றார் சித்தப்பா. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அப்பாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம் இருவரும் அழுதார்கள். தலைவருக்காகத்தான் அழுகிறோம் என்று இருவருமே முகத்தை வைத்துக்கொண்டார்கள்.

கரண்ட் வந்ததும் டிவியைப் போட்டோம். டில்லியில் ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். பதவி போய் எத்தனையோ வருஷம் ஆகி, இனி அவரால் யாருக்கும் ஒரு காரியமும் ஆகப்போவதில்லை என்ற நிலையில், லாரி வைத்து யாரும் கூட்டிவராமல் தாங்களாகவே வந்து நின்ற கூட்டம். வரிசையில் தலைப்பாகை கட்டிய விவசாயிகளைக் காட்டியபோது சித்தப்பா கொஞ்சம் முன்னால் குனிந்து பார்த்தார்.

மறுநாள் மருந்து வாங்கக் கள்ளக்குறிச்சி போனேன். முந்தின வாரம்வரை டீக்கடையில் அவரைக் கேலி பேசியவர்களெல்லாம் போனில் அவர் படத்தை வைத்திருந்தார்கள். அஞ்சலி ஃபிளெக்ஸில் தலைவர் ஓரத்தில் சின்னதாகவும், அஞ்சலி செலுத்துகிறவர்கள் பெரிதாகவும் இருந்தார்கள். திரும்பும் வழியில் கச்சிராயபாளையம் பஸ் ஸ்டாண்டில் பூக்காரம்மா என்னைக் கூப்பிட்டார்.

"உங்க சித்தப்பா இன்னா ரகளை பண்ணிட்டாரு தெரியுமா? கட்சிக்காரங்க தலைவரு படத்துக்குன்னு சொல்லிவெச்ச மால. எடுக்கக்கூடாதுன்றேன், கேக்கல. எங்கண்ணன்டி, எங்கண்ணன் பூட்டான்டின்னு ரோட்டுல நின்னு அழுவறாரு. கட்சிக்காரங்களே எடுத்துக் குடுத்துட்டாங்க. ஆமா, அப்பா எப்பிடிமா இருக்காரு?"

தலைவருக்காகச் சொல்லிவைத்த மாலை, அண்ணனுக்காக வாங்கப்பட்டு, கடைசியில் தலைவருக்கே போய்ச் சேர்ந்திருந்தது. இதை நான் அப்பாவிடம் சொன்னேன். சித்தப்பாவிடம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அப்பா மழைக்காலம் முடியும்வரை இருந்தார். சித்தப்பா தினமும் சாயந்திரம் வந்தார். சூப்புத் தூக்கைத் தானே கொண்டுவந்தார். படத்துக்கு நேர் கீழே உட்கார்ந்து, பழைய டில்லிக் கதையை எடுத்து அந்த ஆட்சியைப் பிடிபிடியென்று பிடிப்பார். "மால போட்ட கையோட திட்டாதடா" என்பார் அப்பா. "செத்தவர நான் ஏன் திட்டறேன்? மனுஷன் தங்கம். அவரு கவருமெண்ட்டதான் திட்டறேன்" என்பார் சித்தப்பா. ஊரே ஒரே நாளில் மாறிப்போனது, இவர் மாறவில்லை. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. காய்ந்துபோன மாலையை எடுத்துவிடலாம் என்று நான் சொன்னபோது மட்டும் இருவரும் ஒரே குரலில் கூடாது என்றார்கள்.

பிறகு ஒரு நாள் காலை மணி அடித்தது. அன்று கரண்ட் இருந்தது. மைக் பேசியது. அப்பாவின் பெயரைச் சொன்னது.

சித்தப்பா நடந்தே வந்தார். அவசரப்படவில்லை. செருப்பை வாசலில் ஒழுங்காகக் கழற்றி வைத்தார். கையில் அதேபோல ஒரு ரோசாமாலை. ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் போய் வெகு நேரம் நின்றார். கண்ணாடி வழியாக அண்ணன் முகத்தைப் பார்த்தார். நிமிர்ந்து, சுவரில் காய்ந்த மாலையோடு இருந்த படத்தைப் பார்த்தார். பிறகு கண்ணாடிமேல் குனிந்து, கெஞ்சுவதுபோலச் சொன்னார்:

"ஏந்து ஒக்காருண்ணா. இந்த மாலையவும் அவருக்கே போட்டுடறேன்."