கண்ணாயி வீட்டுக் கறுப்பு அவரை

கண்ணாயிக்கு நாற்பத்தெட்டு வயது. மிளகு, மரவள்ளி, இரண்டு பலா மரம், வாய் திறக்காத ஒரு கணவன் என்று ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில் அவளுக்கென்று இருந்த ஒரே பெருமை செயலாளர் பதவி. மலையிலிருந்து கீழே கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்கு நிதி திரட்டும் கல்விச் சங்கத்துக்கு ஒன்பது வருடமாக அவள்தான் செயலாளர். அறுவடை முடிந்ததும் சாக்கைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குவாள். ஆளுக்கு ஒரு படி மிளகு வாங்காமல் நகரமாட்டாள்.

அப்புறம் வந்து சேர்ந்தாள் சுமித்ரா. மூன்று வருடத்துக்கு முன் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண். வாசலூர்பட்டி படகு இல்லத்துக்குச் சுற்றுலா வருகிறவர்களிடம் ஞாயிற்றுக்கிழமைகளில் பலாச்சுளை விற்கலாமே என்றாள். சொன்னதோடு நிற்காமல் விற்றும் காட்டினாள். கண்ணாயி வருடம் முழுக்கக் கால் தேய நடந்து சேர்த்ததை அவள் ஒரே பருவத்தில் நின்ற இடத்திலேயே சேர்த்துவிட்டாள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் மார்க் ஷீட்டை எடுத்துக்கொண்டு நேரே சுமித்ரா வீட்டுக்குப் போக ஆரம்பித்ததைத்தான் கண்ணாயியால் தாங்க முடியவில்லை. சுமித்ரா சிரித்தால் இவளுக்கு எரிந்தது. "அக்கா" என்று கூப்பிட்டால் இன்னும் எரிந்தது. அவளை யாராவது புகழ்ந்துவிட்டால் அன்றைக்குத் தொண்டையில் சோறு இறங்காது.

இந்த வருடம் செயலாளர் பதவிக்குச் சுமித்ராவின் பெயரையும் கொடுத்துவிட்டார்கள்.

சங்கத்தில் ஓட்டு என்றால் போர்வை மறைப்புக்குப் பின்னால் இருக்கும் இரண்டு பானைகளில் ஒன்றில் கொட்டை போடுவது. வழக்கமாகச் சங்கமே ஆளுக்கொரு புளியங்கொட்டை கொடுக்கும். கண்ணாயி யோசித்தாள்.

"புளியங்கொட்டையெல்லாம் பூச்சி அரிச்சுப்போச்சுங்க. இந்த வாட்டி அவங்கவங்க ஊட்டுல இருந்து அவரைக்கொட்டை கொண்டாந்துருங்க," என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டாள்.

மலையில் ஒவ்வொரு வீட்டு அவரையும் ஒவ்வொரு தினுசு. சிவப்பு, வெள்ளை, வரி, புள்ளி என்று அவரவர் விதையை அவரவர் விடாமல் வைத்திருக்கிறார்கள். கொட்டையைப் பார்த்தாலே வீடு தெரிந்துவிடும். கூட இருந்தே குழி பறிப்பவர்கள் யார் என்று பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவள் கணக்கு.

போட்டியிடுகிறவர் தன் ஓட்டை எதிராளிக்குப் போடுவது சங்கத்தில் எழுதப்படாத மரியாதை. கண்ணாயியும் அப்படித்தான் போடுவதாக இருந்தாள். ஆனால் மறைப்புக்குள் போனதும் கை சும்மா இருக்கவில்லை. சுமித்ராவின் பானையைச் சாய்த்துப் பார்த்தாள். மேலாகவே கிடந்தது அத்தாயி வீட்டு வரிக்கொட்டை. அத்தாயி பக்கத்து வீட்டுக்காரி. அவள் மகனுக்கு ஹாஸ்டலில் இடம் வாங்க கண்ணாயி ஏழு தடவை பஸ் ஏறியிருக்கிறாள்.

'நான் வேறு உனக்கு ஓட்டுப் போடணுமாக்கும்!' என்று கறுவிக்கொண்டே கையிலிருந்ததைத் தன் பானையிலேயே போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

தலைவர் அர்த்தனாரி வெள்ளைத் துண்டை விரித்து, இரண்டு பானைகளையும் தனித்தனியாகக் கொட்டி எண்ணினார். கண்ணாயிக்கு இருபத்தொன்று, சுமித்ராவுக்கு இருபது. கண்ணாயிக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஆனால் யாரும் கை தட்டவில்லை. எல்லோருடைய கண்ணும் அவளுடைய குவியலில் இருந்த ஒரு கறுப்புக் கொட்டையின் மேல் நின்றது. மசி போன்ற கறுப்பு அவரை மலையிலேயே கண்ணாயி வீட்டில் மட்டும்தான். அடுத்தவர் விதையெல்லாம் இவளுக்குத் தெரியும்போது, இவள் விதை அவர்களுக்குத் தெரியாதா? அந்தக் கோபத்தில் இது அவளுக்குத் தோன்றவே இல்லை. பக்கத்திலேயே ஒரு சிவப்புக் கொட்டை. அது சுமித்ரா பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த விதை.

"கை தவறி உழுந்திருக்குமுங்க. அக்காவே இருக்கட்டுங்க," என்றாள் சுமித்ரா.

"என்ன மனசு இந்தப் புள்ளைக்கு!" என்றாள் அத்தாயி.

கண்ணாயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாமர்த்தியம்தான் அவளுக்கு என்றால், பெரிய மனதும் அவளுக்கேதானா? விறுவிறுவென்று போய்க் கறுப்புக் கொட்டையை எடுத்து சுமித்ராவின் குவியலில் வைத்தாள்.

"மாத்திப் போட்டுட்டேனுங்க. இப்ப எண்ணுங்க."

இப்போது சுமித்ராவுக்கு இருபத்தொன்று. கூடம் அதிரக் கை தட்டினார்கள். அர்த்தனாரி கண் கலங்க, "உனக்கும் தங்கமான மனசு கண்ணு," என்றார்.

தங்கமாவது தகரமாவது. சுமித்ரா விட்டுக்கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்து வருடம் முழுக்க அவளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்க யாரால் முடியும்? தோற்றுப்போனால் நிம்மதியாக வயிறெரியவாவது செய்யலாம்.