ஒழுகாத அறை

பாகலூர்ப் பக்கம் அப்போது பாதிக்கு மேல் மண்ணையே கூரையாகப் போட்ட மெத்தை வீடுகள்தாம். எங்கள் வீடும் அப்படித்தான். உத்திரங்களின் மேல் மூங்கில், மூங்கிலின் மேல் ஆவாரங்கொத்து, அதற்கும் மேலே ஏரியிலிருந்து அள்ளி வந்த சவுட்டு மண். கோடைமழையில் எங்காவது சொட்டினால், மறுநாள் அந்த இடத்தில் இன்னும் சில கூடை சவுட்டு மண்ணைக் கொட்டித் திமிசுக் கட்டையால் இடிப்பார்கள். மண் ஊறி இறுகிக்கொள்ளும், சொட்டு நின்றுவிடும். அதோடு வேலை முடிந்தது. எனக்குத் தெரிந்து ஒருவரும் பழைய மண்ணை இறக்கியதில்லை. உள்ளே சொட்டாத தண்ணீர் எங்கே போயிற்று என்று, ஓசூரில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன நானும் யோசித்ததில்லை.

அந்தச் சித்திரையில் என் மகள் வயசுக்கு வந்திருந்தாள். தாய்மாமன் வந்து கொல்லையில் பச்சைத் தென்னங்கீற்றால் குடிசை கட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். சடங்கு முடியும்வரை அவள் ஆண்கள் கண்ணில் படக் கூடாது. எங்கள் வழக்கத்தில் பெற்ற தகப்பனும் அதில் சேர்த்தி.

சாயங்காலம் மேற்கே கறுத்தது. காற்று முதல் வீச்சிலேயே குடிசையைத் தூக்கிக் கிணற்றுச் சுவரில் அறைந்தது. பிறகு ஆலங்கட்டி. பட்டியில் இருந்த ஆட்டுக்குட்டிகள் மண்டை பிளந்து விழுந்தன. வேலிப் புளியமரம் பாதியாகக் கிழிந்தது. என் மனைவியும், எங்களோடு இருந்த என் அக்காவும் மகளின் தலைமேல் ஓர் அண்டாவைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். அண்டாவில் கல் விழுந்த சத்தம் கூடத்தில் நின்ற எனக்குக் கேட்டது. கொல்லைப் பக்கம் தனி வாசல் உள்ள ராகி அறையில் அவளை உட்கார வைத்தார்கள். வீடு முழுவதும் ஒழுகியது. அந்த அறையில் மட்டும் ஒரு சொட்டு இல்லை. அதுவரைக்கும் நல்லது என்றுதான் நானும் நினைத்தேன்.

காலையில் என் அண்ணன் இரண்டு கூலியாட்களோடு மெத்தைமேல் ஏறிவிட்டார். கூடத்துக்கு மேலேதான் வேலை. ஆனால் ஏற்றிய மண்ணையெல்லாம் ராகி அறைக்கு மேல் குவித்தார்கள். ஒழுகாத இடம், ஆகவே கெட்டியான இடம் என்பது அண்ணனின் கணக்கு.

சேதம் பார்க்கக் கொல்லையைச் சுற்றி வந்தேன். சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த உத்திர முனை கறுத்திருந்தது. ஏதோ தோன்றிக் குடையின் முனையால் குத்தினேன். வெந்த கிழங்கில் போவது போல உள்ளே போயிற்று. இழுத்தபோது தண்ணீர் வடிந்தது, கூடவே கரையான்.

மேலே பார்த்துக் கத்தினேன்: “அண்ணே, நிறுத்து. உத்திரம் செத்துப் போச்சு. அடியில கொழந்த இருக்குது.”

அண்ணன் எட்டிப் பார்த்தார். “ஊடு பூரா ஒழுவுது, அது ஒண்ணுதான் ஒழுவல. அதப்போயி செத்துப்போச்சுங்கற. இது கரும்பலகை இல்ல வாத்தியாரே, மெத்தை.”

கூலியாட்கள் சிரித்தார்கள். இன்னொரு கூடை மண் தொப்பென்று விழுந்தது. சுவர் ஓரமாகப் பொடி உதிர்ந்தது.

மனைவி கிணற்றடியில் இருந்தாள். அறை வாசலில் அக்கா காவல். பெண்ணை நீயே வெளியே கூட்டி வா என்று கெஞ்சினேன். மேலே ஆண்கள் நிற்கும்போது எங்கே கூட்டி வருவது, வேலை முடியட்டும் என்றாள். உள்ளேயிருந்து மகளின் குரல் வந்தது: “நான் வரலப்பா. எல்லாம் பாப்பாங்க.”

தலைக்கு மேல் இன்னும் ஒரு கூடை மண் விழுந்தது. அதற்குப் பதில் சொல்வதுபோல உத்திரம் ஒருமுறை முனகியது. அக்காவைப் பிடித்துத் தள்ளினேன். அவள் ஆட்டுக்கல்லில் மோதி விழுந்தாள். உள்ளே மகள் ராகி கொட்டிவைத்த மண் குதிர் ஒன்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு முகத்தை மறைத்திருந்தாள். இழுத்தேன், வரவில்லை. என் கையைக் கடித்தாள். அறைந்தேன். அதுவரை அவள்மேல் கை வைத்ததில்லை. சடையைச் சுற்றிப் பிடித்துத் தரையோடு இழுத்தேன். குதிரும் அவளோடு சாய்ந்து உடைந்து ராகி கொட்டியது. நிலைப்படியில் அவள் இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டாள். வெளியே, நெற்றியில் ரத்தம் வழிய, எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று அக்கா விறகுக் கட்டையால் என் முதுகில் ஓங்கி அடித்தாள். அந்த அடியில் முதுகு நெளிந்து நான் பின்பக்கமாக விழ, பிடித்த சடையோடு மகளும் படிக்கு வெளியே வந்து விழுந்தாள்.

மெத்தை அப்போதுதான் இறங்கியது. இடி மாதிரிச் சத்தம் என்று சொல்ல முடியாது. பெரிய மிருகம் ஒன்று படுத்த மாதிரி இருந்தது. கதவு பிய்ந்து எங்கள் காலடியில் வந்து விழுந்தது.

கூலியாட்கள் கூடத்து மெத்தைக்குத் தாவிவிட்டார்கள். அண்ணன் மண்ணோடு உள்ளே போய்விட்டார். மண்வெட்டி பட்டுவிடும் என்று கையாலேயே தோண்டினோம். கடிபட்ட கையில் சவுடு எரிந்தது. முதலில் தலை தெரிந்தது. வாயிலிருந்து மண்ணை வழித்தெறிந்தேன். அவர் மூச்சு வாங்கிக் கேட்டார்:

“கொழந்த?”

“வெளிய இருக்குது.”

அதற்குப் பிறகுதான் கால் முறிந்திருப்பதை உணர்ந்து அலறினார்.

சத்தம் கேட்டு ஊரே வந்தது. அத்தனை ஆண்களுக்கும் நடுவில் மகள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். உள்ளே போ என்று சொல்ல அவளுக்கு ஓர் அறை இல்லை. கிணற்றடியிலிருந்து ஓடி வந்த மனைவி, ஈரப் புடவையை அவள் தலைவழியே போர்த்தி, நின்ற இடத்திலேயே கட்டிக்கொண்டாள்.

குவியலை வாரியபோது உத்திரம் கிடைத்தது. தூக்க ஆள் தேவைப்படவில்லை. கையிலேயே பிட்டுக்கொண்டு வந்தது. அதற்குக் கீழே மகளின் பாய்.

அண்ணன் காலில் கட்டுப் போட்டுக் கட்டிலில் கிடத்தினார்கள். அன்றைக்கே அங்கிருந்து உத்தரவு போட்டார்: “மிச்ச மண்ணு பூராவும் எறக்குங்கடா. ஒழுவுனா ஒழுவட்டும்.” மண்ணை இறக்க இறக்க, வெயில் படாத அடிமண் களியாக இருந்தது. ஒவ்வொரு அறையிலும் ஓர் உத்திரமாவது போயிருந்தது.

இப்போது நாட்டு ஓடு போட்டிருக்கிறோம். மழைக்கு அங்கங்கே ஒழுகுகிறது, பாத்திரம் வைக்கிறோம். அக்கா என்னோடு பேசுகிறாள். மழை பிடித்தால் நான் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருக்கிறேன். மகள் காய்ந்த இடமாகப் பார்த்து உட்கார்ந்தால், எழுந்து வேறு பக்கம் போ என்கிறேன். அங்கே சொட்டுமே அப்பா என்கிறாள். பரவாயில்லை, சொட்டுகிற இடத்திலேயே உட்கார் என்கிறேன்.